எழிலரசியின் மேப்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தச் செவித்திறன் மையம். ஒரு அறக்கட்டளை நடத்துவது. பிறவியிலேயே காது கேளாமல், அறுவை சிகிச்சை செய்து உள்ளே கருவி வைத்துக்கொண்ட பிள்ளைகள் அதன்பிறகு வருடக்கணக்கில் அங்கேதான் வந்துபோவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆடியாலஜிஸ்ட் ஒருவர்தான், தேவிப்பிரியா. கம்ப்யூட்டரும் ஒன்றுதான். அது மக்கர் செய்தால் தேவிப்பிரியா போன் போடுவது ஜெகனுக்கு.

ஜெகன் மேனாம்பேட்டுக்காரன். பாலிடெக்னிக் முடித்து ஒன்றிரண்டு கம்பெனிகளில் இருந்து பார்த்தான், ஒத்துவரவில்லை. இப்போது சொந்தமாக சர்வீஸ். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடம், பருத்திப்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டர், அம்பத்தூரில் இரண்டு ஆடிட்டர் ஆபீஸ், இந்த மையம் என்று பைக்கிலேயே சுற்றி வருவான். பிரின்டர் ஓடவில்லை, நெட் வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் அவனுக்கு வரும் புகார்கள். எதுவாக இருந்தாலும் சரிசெய்துவிட்டுத்தான் இறங்குவான். அந்தப் பெயர் அவனுக்கு இருந்தது.

அன்று தேவிப்பிரியா கூப்பிட்டது ரிப்பேருக்கு அல்ல. கருவி செய்யும் கம்பெனி புதிய மாடல் ஒன்றை இறக்கியிருந்தது. அதைப் பொருத்திக்கொண்ட சின்னக் குழந்தைகள் சிலர் மையத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். மையத்தில் இருந்த பழைய சாஃப்ட்வேருக்குப் புதிய மாடலை அடையாளமே தெரியவில்லை. சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு வேண்டும். கம்பெனி ஆள் வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "போட்டுக்கங்க மேடம், பழைய டேட்டா எல்லாம் அப்படியே வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பழைய பசங்க விவரம் எதுவும் போயிடாதே ஜெகன்?" என்று கேட்டார் தேவிப்பிரியா.

"போவாது மேடம். பேக்கப் தனியா தினமும் ஓடிக்கிட்டிருக்கு." வெளியே செருகியிருந்த ஹார்ட்டிஸ்க்கைத் திறந்து காட்டினான். கோப்புகள் வரிசையாக நின்றன. வரிசை நீளமாக இருந்தது. இருவருக்கும் அது போதுமானதாகத் தோன்றியது.

சாஃப்ட்வேர் என்பது திரையில் தெரிவது. பிள்ளைகளின் விவரங்களை அது போட்டு வைப்பதும் எடுப்பதும் அடியில் இருக்கும் டேட்டாபேஸில். புதிய சாஃப்ட்வேர் தனக்கென்று ஒரு புதிய டேட்டாபேஸையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. பாதியில் ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கம்ப்யூட்டரில் பழைய பதிப்பு இருக்கிறது, அதில் உள்ள தரவுகளைப் புதிய பதிப்புக்கு மாற்றவா என்று. மாற்றினால்தான் பழைய பிள்ளைகளின் விவரம் தெரியும். ஜெகன் தேவிப்பிரியாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் சரி கொடுத்தான். பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியது உட்கார்ந்துகொண்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அன்றே ஒரு குழந்தைக்குப் புதிய கருவியைச் சரிபார்த்தார் தேவிப்பிரியா. இரண்டு வயதுக் குழந்தை. மணி அடித்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பியது. அதன் அம்மா அழுதாள். ஜெகனும் கதவோரம் நின்று பார்த்தான். கீழே இறங்கும்போது தன் வேலையில் இப்படியும் ஒரு நாள் வருகிறதே என்று அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம், திருவேற்காட்டிலிருந்து சொர்ணம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மகள் எழிலரசி பத்தாம் வகுப்பு. மூன்று வயதில் அரசாங்கக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. தலைக்குள் இருக்கும் பகுதி அப்படியே ஆயுசுக்கும் இருக்கும். காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதிக்கு புராசசர் என்று பெயர். வெளியே கேட்கும் சத்தத்தை மின்துடிப்பாக மாற்றி உள்ளே அனுப்புவது அதுதான். எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு துடிப்பு என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். கொஞ்சம் குறைந்தால் கேட்காது, கொஞ்சம் கூடினால் வலிக்கும். ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, கேட்டுக் கேட்டு, அந்த அளவுகளைப் பிடிக்க வேண்டும். அதைத்தான் மேப் என்பார்கள். எழிலரசியின் மேப்பை அவளுடைய மூன்று வயதிலிருந்து தேவிப்பிரியாதான் திருத்தித் திருத்திக் கொண்டுவந்திருந்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மழையில் மாட்டிக்கொண்டதில் புராசசருக்குள் தண்ணீர் போய்விட்டது. கம்பெனிக்கு அனுப்பினார்கள். அந்த மாடலை அவர்கள் செய்வதை நிறுத்திவிட்டிருந்தார்கள் என்றாலும், எங்கோ கிடந்த ஒரு பழைய போர்டைத் தேடிப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சொர்ணத்துக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை அவளுக்கு. ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"கருவி வந்துச்சு மேடம். மாட்டனா ஒன்னும் கேக்கலன்றா. உங்ககிட்ட போய் மேப்பு போட்டுக்கணும்னு சொன்னாங்க."

"வேற போர்டு மாத்தியிருக்காங்க இல்லையா, உள்ள மேப் இல்லாம காலியா இருக்கும். ஏத்திடலாம். அஞ்சு நிமிஷ வேலை," என்றார் தேவிப்பிரியா.

எழிலரசியின் பெயரைத் தேடினார். வந்தது. அவள் வந்துபோன ஒவ்வொரு தேதியும் வந்தது. கடைசியாகத் திருத்திய மேப்பின் மேல் அழுத்தினார். இந்த மாடலுக்கு இந்தப் பதிப்பில் ஆதரவு இல்லை என்று ஒரு சிறு பெட்டி எழுந்து நின்றது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான்.

எழிலரசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டசைவைப் படிப்பவள் அவள். தேவிப்பிரியா ஒன்றும் சொல்லாதபோதும் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா," என்றாள் சொர்ணத்திடம். "வரல போல."

ஜெகன் ஆவடியில் இருந்தான். போன் வந்ததும் கிளம்பி வந்தான். அவனுக்கு முதலில் அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. புதியது இருக்கட்டும், பக்கத்திலேயே பழையதையும் போட்டால் போச்சு. தேவைப்படும்போது அதைத் திறந்துகொள்ளலாம்.

"இன்னிக்கே ஆயிடுமா தம்பி?" என்று கேட்டாள் சொர்ணம். "இவளுக்கு அரையாண்டுப் பரீட்ச வந்துகினு கீது. கிளாஸ்ல டீச்சரு போர்டு பக்கம் திரும்பிட்டா இவளுக்கு ஒன்னும் தெரியமாட்டேங்குது."

"ஆயிடும்க்கா. நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் போன் பண்றேன்."

அலமாரியின் அடியில் பழைய சி.டி. இருந்தது. பழைய சாஃப்ட்வேர் தன் பழைய டேட்டாபேஸை நிறுவப் பார்த்தது. இதைவிடப் புதிய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, நிறுவ முடியாது என்று நின்றுவிட்டது. பெயரை மாற்றிப் போட்டுப் பார்த்தான். வேறு டிரைவில் போட்டுப் பார்த்தான். புதியதை நிறுத்தி வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் திரையில் ஓடும் நிறுவல் பட்டை முக்கால் தூரம் போய், அங்கிருந்து பின்னோக்கி வந்து, தான் போட்டதையெல்லாம் தானே அழித்துக்கொண்டது.

மறுநாள் அவன் செய்ததுதான் பின்னால் அவன் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. புதியதை முழுக்க எடுத்துவிட்டால் பழையதற்கு வழி கிடைக்கும் என்று நினைத்தான். எடுத்தான். இரண்டுக்கும் பொதுவாக இருந்த சில கோப்புகளும் அதோடு போய்விட்டன. பழையது ஒருவழியாக நிறுவப்பட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. மாற்றப்பட்ட தரவுக்கோப்பை அதனிடம் கொடுத்துப் பார்த்தான். புதிய பதிப்பு எழுதியதை என்னால் படிக்க முடியாது என்றது. மேலே போன கோப்பு கீழே இறங்காது. அவன் படிப்பிலேயே அது இருந்தது. அன்றைக்கு சரி கொடுத்தபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"பேக்கப் இருக்கே ஜெகன்," என்றார் தேவிப்பிரியா. "மாத்தறதுக்கு முன்னால எடுத்தது."

ஹார்ட்டிஸ்க்கைத் திறந்தான். நீளமான வரிசை. இந்த முறை தேதிகளைப் பார்த்தான். இடம் நிறைந்துபோய் பேக்கப் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. ஓடாமலே தினமும் ஓடியதாக ஒரு பச்சைக்குறி மட்டும் மூலையில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கடைசிக் கோப்பு எழிலரசி மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தைச் சேர்ந்தது.

தேவிப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று ஜெகன் காத்திருந்தான். அவர் கோபப்படவில்லை.

"அந்த பென்டிரைவ்லயே ஒரு குறிப்பு இருந்துது," என்றார். "எந்தெந்த மாடலுக்கு இனிமே வேலை செய்யாதுன்னு. நேத்துதான் பாத்தேன். முன்னாடியே நான் படிச்சிருக்கணும்."

"நானும் படிக்கல மேடம்."

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தார்கள். ஒரு பெண் நயமாகப் பேசினாள். பழைய பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றாள். மாறியதால்தான் பிரச்சினை என்று தேவிப்பிரியா விளக்கினார். அப்படியானால் பிள்ளையின் புராசசரையும் புதிய மாடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். வெளியில் வாங்கினால் அதன் விலை சொர்ணம் போன்றவர்கள் வாயில் சொல்லிப் பார்க்கிற விலை அல்ல. அரசாங்கத்தில் எழுதிப்போடலாம், ஆனால் முறை வர வேண்டும். இன்னொரு தடவை அழைத்தபோது வேறொருவர் எடுத்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் அதையேதான் சொன்னார்.

அதற்குள் புதிய மாடல் குழந்தைகள் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் புதிய பதிப்பு வேண்டும். ஜெகன் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதையே மறுபடியும் போட்டுக்கொடுத்தான்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவன் நண்பன் விஜய் பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தான். ஜெகன் போய் நின்றதும் விஜய்க்கு முகத்தைப் பார்த்தே ஏதோ என்று தெரிந்துவிட்டது.

"இன்னா மச்சான், மூஞ்சி தொங்கினு கீது?"

ஜெகன் சொன்னான். விஜய் கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய், தூசி படிந்த ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இத்த எட்துனு போ. அந்தக் காலத்து விண்டோஸ் அப்டியே கீது. இதுல புதுசு எதுவும் இல்ல, சண்டை போட ஆளே கெடையாது. பழசு ஒக்காந்துக்கும் பாரு."

உட்கார்ந்தது. மையத்தில் தேவிப்பிரியாவின் மேசையிலேயே வைத்துப் போட்டான். பட்டை முக்கால் தூரத்தைத் தாண்டிப் போய் முடிந்தது. பழைய டேட்டாபேஸ் எழுந்து ஓடியது. பழைய பேக்கப்பைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டது. பழைய சாஃப்ட்வேரின் சாம்பல் நிறத் திரை திறந்தது. எழிலரசி என்று அடித்தார் தேவிப்பிரியா. மூன்றாம் வகுப்பு எழிலரசியின் மேப் வந்து நின்றது. வரிசையாகக் கோடுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண்.

"இது ரொம்பப் பழசு. இப்ப அவளுக்கு அளவு நிறைய மாறியிருக்கும்," என்றார் தேவிப்பிரியா. ஆனால் குரலில் உயிர் வந்திருந்தது. "பரவால்ல. இதை ஏத்திட்டு இதிலேர்ந்து ஆரம்பிச்சு மறுபடி பிடிச்சுடலாம். நாலஞ்சு தடவை உக்காந்தா போதும். அவ பெரிய பொண்ணு, கேட்டா தெளிவா சொல்லுவா."

அவரே சொர்ணத்துக்குப் போன் செய்தார்.

அன்று மாலையே வந்தார்கள். சொர்ணத்தின் கணவன் ஆனந்தன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். அவன் வண்டியிலேயே, மற்ற சவாரிகளை ஏற்றாமல் கொண்டுவந்து விட்டிருந்தான். மேலே வராமல் வண்டியோடு கீழேயே நின்றான்.

தேவிப்பிரியா ஒயரை எழிலரசியின் காதுக்குப் பின்னால் இருந்த புராசசரில் செருகினார். மறுமுனை லேப்டாப்பில். திரையில் புராசசரின் படம் வந்தது. பழைய மாடல், அதே நிறம். சாஃப்ட்வேர் அவள் கருவியை அடையாளம் தெரிந்துகொண்டுவிட்டது. எழிலரசி சிரித்தாள். தேவிப்பிரியா மேப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்று என்பதை அழுத்தப் போனார். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது. அழுத்த வரவில்லை.

"ஜெகன், இது என்ன?"

ஜெகன் குனிந்து பார்த்தான். மேலே ஓரத்தில், பார்வைக்கு மட்டும், என்று இருந்தது. லைசென்ஸ் கேட்டது. லைசென்ஸ் என்று அழுத்தியதும் அது கம்பெனியின் ஏதோ ஒரு சர்வரைத் தேடிப் போயிற்று. சுற்றியது. நெடுநேரம் சுற்றியது. அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

மையத்தின் கம்ப்யூட்டரில் அந்த லைசென்ஸ் இருந்தது. எப்போதோ ஒருமுறை வாங்கியது, யாரும் தொடாதவரை இருந்திருக்கும். பழையதைத் துடைத்தபோது அதுவும் போயிருந்தது. துடைத்தவன் அவன்தான். புதிதாக ஒன்று கொடுக்க வேண்டிய சர்வரை கம்பெனி எப்போதோ மூடிவிட்டது.

"எண்ணெல்லாம் தெரியுதே தம்பி," என்றாள் சொர்ணம், திரையைக் காட்டி. "இதானே இவளோடது? இத்த அதுல போட முடியாதா?"

"பாக்க மட்டும்தான் விடுதுக்கா. ஏத்த விடமாட்டேங்குது. ஒரு ரெண்டு நாள் குடுங்க, பாக்கறேன்."

எழிலரசி ஒயரைக் கழற்றிக்கொண்டாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புராசசரை அதன் சிறு டப்பாவில் வைத்து மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளில் தேவிப்பிரியா தனக்குத் தெரிந்த எல்லா மையங்களுக்கும் பேசினார். நகரத்துக்குள் இருந்த பெரிய மருத்துவமனையில் அவர்களும் புதிய பதிப்புக்கு மாறியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் போன மாதம்தான் மாறினார்களாம். தெற்கே ஒரு மாவட்டத்தில் பழையது இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் எரிந்துபோய்க் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

விஜய் வேறொன்று சொன்னான். "லைசென்ஸ் கேக்கற எடத்தையே ஒடச்சி உட்றலாம் மச்சான். நெட்ல இதுக்கின்னு பசங்க கீறானுங்க. நான் பண்ணித் தரேன்."

ஜெகனுக்கு அது சரியென்றே பட்டது. தேவிப்பிரியாவிடம் சொன்னான். அவர் உடனே மறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே டிரங்க் ரோட்டில் பஸ்களின் இரைச்சல்.

"யாரோ உடைச்ச சாஃப்ட்வேரை வெச்சு நான் அவ தலைக்குள்ள கரன்ட் அனுப்பணும்," என்றார். "ஒரு எண்ணு தப்பாப் போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது ஜெகன். எனக்குத் தெரியும். ஒரு தடவை பாத்திருக்கேன். அந்தப் பையன் அப்புறம் கருவியை மாட்டவே விடல. என்னால முடியாது."

"வேற வழி இல்லையே மேடம்."

"இல்லை," என்றார் அவர்.

சொல்வதற்கு யார் போவது என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தேவிப்பிரியா போனில் சொல்லியிருப்பார். ஆனால் ஜெகன் அன்று மேனாம்பேட்டுக்குத் திரும்பாமல் வண்டியைத் திருவேற்காட்டுக்கு விட்டான். கோயிலுக்குப் பின்பக்கம், புதிய அடுக்குமாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பழைய தெருவில் அவர்கள் வீடு. மழைத்தண்ணீர் தெருவில் இன்னும் வடியவில்லை.

சொர்ணம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். எழிலரசி தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. சொர்ணம் காலால் தரையைத் தட்டினாள். அதிர்வை உணர்ந்து அவள் திரும்பினாள்.

"டீ குடிக்கிறியா தம்பி?"

"வேணாம்க்கா." அவன் கைகளைப் பார்த்தபடி தொடங்கினான். "எல்லா எடத்துலயும் கேட்டுட்டோம். மேடமும் எல்லார்கிட்டயும் பேசிட்டாங்க. அது வந்து…"

"அண்ணா," என்றாள் எழிலரசி. அவள் பேச்சு எப்போதும் கொஞ்சம் தட்டையாக இருக்கும், ஆனால் புரியும். "கீழ பாத்துப் பேசுனா எனக்குத் தெரியாது. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். அவள் எழுந்து வந்து அவனுக்கு நேர் எதிரே, வெளிச்சம் அவன் முகத்தில் விழும்படியாக உட்கார்ந்துகொண்டாள். அவனுக்கு மோசமான செய்தி சொல்வது புதிதல்ல. ஹார்ட்டிஸ்க் போச்சு சார், ஒன்னும் பண்ண முடியாது சார் என்று எத்தனையோ பேரிடம் எங்கோ பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். இப்போது ஒவ்வொரு சொல்லையும் உதடு பிரித்து, மெதுவாக, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

"உன்னோட மேப்பை ஏத்த முடியல. பழைய சாஃப்ட்வேர் இனிமே வராது. புதுசுல உன் கருவி ஓடாது."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

"கருவி நல்லாதான இருக்கு?"

"கருவி நல்லா இருக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "யாரு பண்ணது?"

சொர்ணம் அவளை அதட்டப் போனாள். ஜெகன் கையைக் காட்டித் தடுத்தான்.

"நான்தான். பேக்கப்பைச் சரியா பாக்கல. அப்புறம் இருந்ததையும் அழிச்சிட்டேன். தெரியாமதான். ஆனா நான்தான்."

எழிலரசி தலையாட்டினாள், பாடத்தில் ஒரு விடை தெரிந்துகொண்டதுபோல. அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. அவனுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்ன மாதிரி கருவி வேற பசங்ககிட்டயும் இருக்கு," என்றாள். "நந்தினின்னு ஒரு பொண்ணு, பட்டாபிராம்ல. அவளுக்கு?"

"ரிப்பேர் ஆவாத வரைக்கும் ஓடும்."

"ரிப்பேர் ஆனா?"

அவன் பார்வை மறுபடியும் தரைக்குப் போனது. அதையும் அவள் படித்துக்கொண்டாள்.

சொர்ணம் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

"இவளுக்குப் பேச்சு வர்றதுக்கு எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா தம்பி," என்றாள். "அம்மான்னு சொல்றதுக்கே ஒரு வருஷம். மேடம் வாயத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்குடுப்பாங்க. இப்ப ஒரு மாசமாத்தான் கேக்கல. அதுக்குள்ள ஸ, ஷ எல்லாம் ஒரே மாதிரி சொல்றா. நான் கவனிச்சிகினுதான் கீறேன். அவகிட்ட சொல்லல." சொன்ன பிறகுதான் மகளுக்கு எதிரே நின்று சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. எழிலரசி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அம்மாவின் உதட்டைப் படித்துவிட்டாளா என்று தெரியவில்லை.

ஜெகன் கிளம்பும்போது தெருமுனையில் ஆனந்தனின் ஆட்டோ நுழைந்தது. அவன் வண்டியை நிறுத்தி, "என்னா ஆச்சு நைனா, கெடச்சிதா?" என்று கேட்டான். அதை அவனிடமும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. ஆனந்தன் கேட்டுக்கொண்டு, "சரி, நீ பாத்துப் போ, தண்ணி நிக்குது," என்றான்.

தேவிப்பிரியா அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டார். புதிய புராசசர் வேண்டும் என்று காரணங்களோடு விவரமாக எழுதினார். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதன்பிறகு பதில் இல்லை. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டார். முதன்முறையாகக் கருவி வைக்கும் குழந்தைகளுக்கே முறை வரவில்லை, ஏற்கெனவே வைத்தவர்களுக்கு அதன்பிறகுதான் என்றார்கள். அதில் நியாயம் இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

எழிலரசி பொதுத்தேர்வு எழுதினாள். தேறினாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, தோழியின் நோட்டைப் பார்த்து எழுதி, வீட்டில் தானே படித்துத் தேறினாள். ஆனால் பேசுவது குறைந்துவிட்டது. கடையில் எதையாவது கேட்டால் கடைக்காரர் இரண்டாம் தடவை கேட்கச் சொல்கிறார் என்று இப்போது விரலால் காட்டுகிறாளாம். சொர்ணம் வாரத்துக்கு ஒருமுறை அவளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிவந்து, பிறகு நிறுத்திவிட்டாள். கேட்காமல் பயிற்சி செய்து பலன் இல்லை என்பதைத் தேவிப்பிரியாவே ஒருநாள் சொல்லிவிட்டார்.

ஜெகன் மையத்துக்கு இன்னும் போகிறான். போன இடத்திலெல்லாம் பேக்கப் தேதியைப் பார்க்கிறான். சர்வரை மறுபடி திறக்கச் சொல்லி கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தான். உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் தானாகவே வந்தது. விஜய் கொடுத்த லேப்டாப் மையத்தின் அலமாரியில் இருக்கிறது. அதை இருவரும் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருந்த ஒரு காலை, ஜெகன் திருவேற்காடு வழியாகப் போய்க்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாப்பில் எழிலரசி நின்றிருந்தாள். பதினொன்றாம் வகுப்புச் சீருடை. முடியை இரண்டு காதும் மூடும்படி இறக்கிப் பின்னியிருந்தாள். அவன் வண்டியை ஓரம்கட்டி, யோசிக்காமல், "எழில்" என்று கூப்பிட்டான். அவள் சாலையைப் பார்த்தபடியே நின்றாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள்தான் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாலு எட்டு வைத்து அவள் முன்னால் போய் நின்றிருக்கலாம். நின்று என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது. டிரைவர் ஏதோ கேட்டதும் அவள் குனிந்து அவர் வாயை உற்றுப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்க வைத்தாள். பிறகு கையால் பூந்தமல்லிப் பக்கம் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.